ஸ்டீரிங் பக்கத்து நட்டு

அமெரிக்காவிலிருந்து பைப் வந்து சேர்ந்தபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. கூரியர்காரர் நீளமான அட்டைப்பெட்டியைப் பட்டறை வாசலில் இறக்கிவிட்டுக் கையெழுத்துக் கேட்டார். போட்டேன். முன்பெல்லாம் பெட்டி வந்தால் கத்தியைத் தேடி எடுத்து முதலில் பிரிக்கிற ஆள் நான்தான். என் வீட்டுக்காரர் ஆரோக்கியராஜ், "பொறு பிளசி, கைய வெட்டிக்கப் போற" என்று பின்னாலேயே ஓடி வருவார். இந்தத் தடவை பெட்டி பாட்டுக்குப் பழைய டயர்களின் மேல் கிடந்தது. அதன் மேல் டீ கிளாஸ் வைத்து எடுத்தோம், ஸ்பேனர் வைத்து எடுத்தோம். பிரிக்க வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

எங்கள் பட்டறை நல்லம்பள்ளியில், பெரிய ரோட்டை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் இருக்கிறது. ஒரு தகர ஷெட், வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்க ஒரு பள்ளம், ஒரு வேப்பமரம், அவ்வளவுதான். கல்யாணமாகி வந்த புதிதில் மத்தியானச் சோறு கொண்டுவந்து கொடுக்கப் போவேன். ஒரு நாள் அவர் ஏதோ ஒரு இடுக்கில் விழுந்த நட்டை எடுக்க முடியாமல் எஞ்சினைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் வளையலைக் கழற்றி வைத்துவிட்டுக் கையை விட்டு எடுத்துக் கொடுத்தேன். என் கை சின்னது. பத்து வயதுப் பிள்ளையின் கை அளவுதான் இருக்கும். அன்றிலிருந்து எட்டாத இடத்து நட்டெல்லாம் என் பொறுப்பு. வேலைக்கு வரும் வண்டிக்காரர்கள் "அக்கா கைய இன்சூர் பண்ணுங்கண்ணா" என்று கிண்டல் பண்ணுவார்கள். நானும் சும்மா இருக்க மாட்டேன். "உங்கண்ணன் கைக்கு முதல்ல சோப்பு வாங்கிக் குடுங்கடா" என்பேன். வாயாடி என்று சந்தை வரைக்கும் பேர் எடுத்தவள் நான்.

எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே குழந்தை இறந்துவிட்டது. யார் மேலும் குற்றம் சொல்வதற்கில்லை, கொடி கழுத்தில் சுற்றிக்கொண்டது என்றார்கள். தர்மபுரியில் அறுத்து எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து கேட்டபோது, பெண் குழந்தை என்று நர்ஸ் சொன்னாள். எங்கே என்றேன். "உங்க வூட்டுக்காரரு எடுத்துக்கிட்டுப் போயிட்டாருங்களே" என்றாள். சாயந்திரம் அவர் வந்தார். நகத்துக்குள்ளெல்லாம் மண் இருந்தது. "எங்க வச்சீங்க?" என்று கேட்டேன். "விடு, எல்லாம் முடிஞ்சிடுச்சு" என்றார்.

அதற்கப்புறமும் கேட்டேன். பெற்றவளுக்கு இடத்தைச் சொல்லக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கமாம். சொன்னால் கால் தானாக அங்கேயே போகுமாம், அடுத்தது வயிற்றில் தங்காதாம். அரூரிலிருந்து வந்திருந்த, என்னைப் பெற்ற ஆத்தாவும் அதையே சொன்னாள். பால் கட்டாமல் இருக்க மல்லிகைப்பூவை என் மாரில் வைத்துக் கட்டிவிட்டுக்கொண்டே, "கேக்காத சாமி, கேக்காத" என்றாள். நான் கேட்டேன். கத்தினேன். தட்டைத் தூக்கி எறிந்தேன். சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என் முகத்தைப் பார்ப்பாரே தவிர, வாயைத் திறக்க மாட்டார். எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் பின்பக்கச் சுவருக்கு வெளியே பேரில்லாமல் சின்னப் பிள்ளைகளைப் புதைக்கிற இடம் ஒன்று உண்டு. ஒரு நாள் அங்கே போய் நின்றேன். முள்ளும் பன்றி கிளறிய மண்ணும்தான் இருந்தது. இதில் எது அந்தக் குழந்தையின் இடம்? அல்லது இங்கேயே இல்லையா? எங்கேயாவது ஓடைக்கரையிலா? ஆத்தா ஊருக்குத் திரும்பிய பிறகும் கொஞ்ச நாள், புதிதாகக் கிளறிய எந்த மண்ணைப் பார்த்தாலும் இதுவாக இருக்குமோ என்று இருந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. வாயும் நின்றுவிட்டது. வீட்டில் உட்கார்ந்தால் சுவர்தான் இருக்கிறது என்று, காலையில் அவர் கூடவே பட்டறைக்கு வந்து ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வேன்.

அப்படி இருந்த ஒரு காலையில்தான் குரு போன் பண்ணினான். குருவும் அரூர்ப் பக்கத்துப் பையன்தான், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அவனுக்கு ஒரு பழைய ஜப்பான் கார் இருக்கிறது. இரண்டே சீட்டு, மேல்கூரையை மடக்கிக்கொள்ளலாம். இங்கிலாந்தில் இருந்த ஒரு டாக்டர் ஊர் திரும்பும்போது கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்ததாம். அவரிடமிருந்து கை மாறிக் கை மாறிக் குருவிடம் வந்தது. பெயிண்ட் வெளுத்து, சீட் கிழிந்து கிடந்த வண்டியை ஆரோக்கியராஜ்தான் ஆளாக்கினார். அது எங்கள் ஷெட்டில் நின்றால், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு வந்து பார்ப்பார்கள்.

"அண்ணா, பைப் வந்துடுச்சுல்ல? ஞாயித்துக்கெழம வத்தல்மலைக்கு வண்டிய ஏத்தலாம்னு இருக்கறன்" என்றான்.

"பண்ணிடலாம் தம்பி" என்றார் இவர். பெட்டியைப் பிரித்தார்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எஞ்சினிலிருந்து எரிந்த புகை வெளியே வரும் வாயில், கம்பெனிக்காரன் வார்ப்பிரும்பில் குட்டையாக ஒன்று போட்டிருப்பான். அதைக் கழற்றிவிட்டு, நாலு சிலிண்டருக்கும் நாலு நீளமான ஸ்டீல் குழாய் வைத்து, நாலையும் கீழே கொண்டுபோய் ஒன்றாகச் சேர்க்கிற சாமானுக்கு ஹெடர் என்று பேர். எஞ்சின் மூச்சு விடுவது சுலபமாகும், வண்டி கொஞ்சம் துடியாகும், சத்தம் மாறும். சத்தத்துக்காகத்தான் பாதிப் பேர் மாட்டுகிறார்கள். அதை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பழசைக் கழற்றுவதற்கே அன்றைக்கு மத்தியானம் ஆகிவிட்டது. இத்தனை வருஷச் சூட்டில் நட்டெல்லாம் இறுகிப்போயிருந்தது. எண்ணெய் அடித்து, காத்திருந்து, தட்டி, மறுபடி எண்ணெய் அடித்து ஒவ்வொன்றாக எடுத்தார். "பன்னண்டு" என்பார். பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரை நீட்டுவேன். "துணி" என்பார். துணியைக் கொடுப்பேன். அன்று முழுக்க நாங்கள் பேசிய பேச்சு அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால்கூட இதைவிட நன்றாக இருந்திருக்கும்.

புதுக் குழாயைத் தூக்கி உள்ளே இறக்கியவர், அப்படியே நின்றுவிட்டார். வெளியே எடுத்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி இறக்கினார்.

"என்னங்க?" என்றேன்.

"இடிக்குது."

எழுந்து போய் எட்டிப் பார்த்தேன். ஸ்டீரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகிற ராடு, நாலாவது குழாய் இறங்க வேண்டிய இடத்திலேயே இருந்தது. இதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஸ்டீரிங் இடது பக்கம். அவர்கள் வண்டிக்குச் செய்த குழாய்க்கு வலது பக்கத்தில் ஒரு ராடு வரும் என்ற கவலையே இல்லை.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு வைப்பர் பிளேடு வாங்குவதாக இருந்தாலும் போனில் படத்தைப் பெரிசு பண்ணி, எழுத்தைப் படித்து, இரண்டு பேருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் வாங்கச் சொல்கிற மனுஷன் இவர்.

"நீங்க பாத்துச் சொல்லித்தானே குரு தம்பி ஆர்டர் போட்டுச்சு?"

"ம்."

"எப்படிங்க பாக்காம விட்டீங்க?"

அவர் துணியை எடுத்து, சுத்தமாக இருந்த குழாயைத் துடைத்தார். "அன்னைக்குத்தான் போன் பண்ணுச்சு. படம் அனுப்பி இருக்கறன், செட்டாகுமாண்ணான்னு கேட்டுச்சு. கையில மம்பட்டி இருந்துச்சு. ஆகும்னு சொல்லிட்டு வச்சிட்டன்."

மம்பட்டி என்று அவர் சொன்ன பிறகுதான் என்றைக்கு என்பது எனக்குப் புரிந்தது. அப்படியானால் குழியை இவரே வெட்டியிருக்கிறார். இத்தனை நாளில் எனக்குக் கிடைத்த ஒரே தகவல் அது.

"எந்த எடத்துலங்க வெட்டுனீங்க?"

அவர் கிரைண்டரை எடுத்து பிளக்கில் சொருகினார். அது போடுகிற கூச்சலில் யாரும் எதையும் கேட்க முடியாது. எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. போய்ப் பக்கெட்டின் மேல் உட்கார்ந்தேன்.

நாலாவது குழாயில் சாக்பீஸால் கோடு போட்டு, அந்தத் துண்டை மட்டும் அறுத்து எடுத்தார். அப்புறம் குருவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "தம்பி, தப்பு எம்பேருல. லெப்ட் ஹேண்ட் வண்டி பைப்பு வந்திருக்குது. அறுத்துத் திருப்பி வெல்டு வச்சு மாட்டித் தரன்."

"அட, விடுங்கண்ணா. ஆபீஸ்ல நாலு பேருகிட்ட அந்தப் படத்தக் காட்டுனேன். நல்லா இருக்குதுன்னானுங்களே தவிர ஒருத்தனுக்கும் தோணல. எனக்கும்தான் தோணல" என்றான் குரு. அப்புறம் குரலை இறக்கி, "அக்கா எப்படிண்ணா இருக்காங்க?" என்றான்.

"இருக்கறா" என்றார்.

மறுநாள் காலையில் குழாயைத் தர்மபுரிக்குக் கொண்டுபோய் ஆர்கான் வெல்டிங் வைத்துக்கொண்டு வந்தார். வளைவைச் சற்று வெளிப்பக்கமாகத் திருப்பியிருந்தார். இறக்கிப் பார்த்தோம். ஸ்டீரிங் ராடுக்கும் குழாய்க்கும் நடுவில் தாராளமாக இடைவெளி கிடைத்தது. ஸ்டீரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பார்த்தார், எங்கேயும் உரசவில்லை. ஆனால் புது வளைவு, நாலாவது சிலிண்டரின் கீழ் நட்டுக்கு நேராக வந்து மறைத்துக்கொண்டது. ஸ்பேனர் போகவில்லை. அவர் கை மணிக்கட்டுவரைகூடப் போகவில்லை. மற்ற நட்டுகளைப் போட்டு இறுக்கிவிட்டால் குழாய் இன்னும் உள்ளே ஒதுங்கி, அந்த இடம் அடியோடு மூடிக்கொள்ளும். அதனால் அந்த நட்டைத்தான் முதலில் போட வேண்டும். அது கொஞ்சம் ஏறுகிறவரை ஒருவர் குழாயைக் கீழே இருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அவர் என்னைப் பார்த்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் இந்த மாதிரி வேலை எதையும் அவர் என்னிடம் கேட்டதில்லை. நான் வளையலைக் கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்தேன். விரல் நுனியில் கிரீஸைத் தடவி நட்டை ஒட்டிக்கொண்டேன். அவர் பள்ளத்துக்குள் இறங்கினார்.

பானெட்டுக்குள் தோள் வரைக்கும் கையை விட்டு, கன்னத்தை எஞ்சின் மூடியில் சாய்த்தபடி தேடினேன். கண்ணால் பார்க்கிற வேலை இல்லை இது. விரலுக்குத் தெரிய வேண்டும். எஞ்சினுக்கும் குழாய்க்கும் நடுவில் வைக்கிற கேஸ்கெட் தகட்டின் ஓரம் தட்டுப்பட்டது, அப்புறம் நட்டு ஏற வேண்டிய ஸ்டட் போல்ட்டின் மரை தட்டுப்பட்டது. கீழே அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது. முகம் தெரியவில்லை. என் முகமும் அவருக்குத் தெரியாது.

"தூக்கிட்டன். பாரு" என்றார்.

நட்டை வைத்தேன். முதல் மரையில் பிடித்துக்கொண்டது.

"ஏறுதா?"

"புடிச்சிருக்குது. திருப்பல."

"ஏன்? கை போவலியா?"

"போவுது." இதைச் சொல்ல வேண்டும் என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது. "எங்க வச்சீங்கன்னு சொல்லுங்க. சொன்னாத்தான் திருப்புவன்."

கீழே அவர் காலை மாற்றி ஊன்றுவது கேட்டது.

"பிளசி, வெளையாடற நேரமா இது? விட்டா கேஸ்கெட் நழுவிடும். கை நோவுது."

"நோவட்டும்."

"மேல வந்து பேசறன்."

"மேல வந்தா பேச மாட்டீங்க. இத்தன நாளா மேலதான இருந்தீங்க?"

ரோட்டில் ஒரு லாரி தொப்பூரைப் பார்த்துப் போனது. தகரம் அதிர்ந்து அடங்கியது. நான் நட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். அவர் குழாயை விட்டுவிட்டு மேலே ஏறி வந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். வந்திருந்தால் அதற்குமேல் நான் கேட்டிருக்க மாட்டேன். என்னிடம் அதற்குமேல் தெம்பில்லை.

"பைக்குலதான் எடுத்துக்கிட்டு வந்தன்" என்றார் கீழே இருந்து. சாமியாரிடம் மண்டியிட்டுப் பாவசங்கீர்த்தனம் சொல்கிறவர்கள் பேசுகிற குரல் அது. "துண்டுல சுத்திக் குடுத்தாங்க. வேற வண்டி கேக்கணும்னெல்லாம் தோணல. டேங்க் மேல படுக்க வச்சு ஒரு கையில புடிச்சுக்கிட்டு வந்தன். அதியமான்கோட்ட தாண்டறப்ப டேங்க்ல கை பட்டுச்சு. வெயில்ல அப்படிக் கொதிக்குது. வண்டிய ஓரங்கட்டி, சட்டையக் கழட்டி மடிச்சு அடியில போட்டன்."

"எதுக்கு?"

"சூடு படும்ல."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். நடு ரோட்டில், சட்டை இல்லாமல், இவர் நின்றிருக்கிறார். நான் அப்போது மயக்கத்தில் கிடந்திருக்கிறேன்.

"அப்பறம்?"

"நம்ம கல்லறைக்குத்தான் வந்தன். கோயில் சாமியாரு ஊர்ல இல்ல. அவருக்கு ஒத்தாசையா இருக்கற உபதேசியாரு சவரிதான் சாவி வச்சிருந்தாரு. ஞானஸ்நானம் வாங்காத புள்ளைய உள்ள வைக்கறதில்லப்பா, செவுத்துக்கு அந்தாண்டதான் வைக்கறதுன்னாரு. அவரு மேல தப்பு இல்ல. அந்தக் காலத்து வழக்கத்தச் சொன்னாரு. நானும் அங்க போயி ஒரு நாலு வெட்டு வெட்டுனன். அப்பத்தான் குரு தம்பி போன் பண்ணுச்சு. பேசி வச்சிட்டுப் பாத்தா, ஒரு பன்னி வந்து நிக்குது. வெட்டுன குழிய மோந்து பாக்குது."

குழாய் லேசாக ஆடியது. மறுபடி மேலே தூக்கிப் பிடித்தார்.

"திரும்பிப் போயி உபதேசியாருகிட்ட பொய் சொல்லிட்டன்."

"என்ன பொய்?"

"பொறக்கறப்ப உசுரு இருந்துச்சுன்னு. நர்சம்மா நம்ம ஆளு, தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுத்துட்டாங்க, மொதல்ல சொல்லத் தோணலன்னு. அவரு எம்மூஞ்சியவே கொஞ்ச நேரம் பாத்தாரு. நம்புனாரோ இல்லியோ. செரி, பேரு என்ன வச்சாங்கன்னு கேட்டாரு."

பேர்.

"என்ன சொன்னீங்க?"

"வாயில வந்துடுச்சு பிளசி. யோசிக்கறதுக்கு நேரமில்ல."

"என்ன பேருங்க சொன்னீங்க?"

"ரோசம்மாள்."

ரோசம்மாள் என்பது என் மாமியார் பேர். அவர் செத்து இரண்டு வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்த வரைக்கும் நான் குளிப்பது சரியில்லை, சிரிப்பது சரியில்லை, ராகிக்களி கிண்டினால் கட்டி தட்டுகிறது, கோயிலில் முக்காடு நழுவுகிறது. வந்த முதல் வருஷத்திலேயே பிள்ளை உண்டாகவில்லை என்று பக்கத்து வீட்டில் உட்கார்ந்து எனக்குக் கேட்கிற மாதிரி பேசியவர். அவர் செத்தபோது ஊருக்காகத்தான் அழுதேன். ஐந்தாம் மாதத்தில் இவர் ஒரு நாள் மெதுவாக, பொண்ணாப் பொறந்தா அம்மா பேர வைக்கலாமா என்று ஆரம்பித்தபோது, வச்சீங்கன்னா அடுத்த பஸ்ஸுக்கு அரூர் போயிடுவன் என்று சொல்லியிருந்தேன்.

"ஏங்க!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே பழக்கமில்லாத மாதிரி இருந்தது. "ஊர்ல பேருக்கா பஞ்சம்? மேரி இல்லியா, தெரேசா இல்லியா? போயும் போயும் அந்தப் பேரயா வச்சீங்க எம்புள்ளைக்கு? என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா? எட்டு மாசம் சொமந்தவ நானு. பேரு வைக்க நீங்க யாருங்க?"

கத்திக்கொண்டே நட்டைத் திருப்பிக்கொண்டிருந்தேன். ஆத்திரத்தில் விரல் தோல் உரிந்ததுகூடத் தெரியவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு திருப்பு. நட்டு மளமளவென்று ஏறி, குழாயின் விளிம்புப் பட்டையில் போய் உட்கார்ந்தது. குழாய் நின்றுவிட்டது. இனி யாரும் பிடிக்க வேண்டியதில்லை. எம்புள்ளை என்று நான் சொன்னது அப்போதுதான் என் காதில் விழுந்தது. அதுவரைக்கும் நான் அப்படிச் சொன்னதே இல்லை. குழந்தை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்கு அழுகை வந்தது. ஆஸ்பத்திரியில் வரவில்லை, வீட்டில் வரவில்லை, எஞ்சின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு அப்போது வந்தது. கையை வெளியே எடுக்கக்கூடத் தோன்றாமல் அழுதேன்.

அவர் பள்ளத்தை விட்டு மேலே வரவில்லை. கீழே இருந்தபடியே மிச்சத்தையும் சொன்னார். "அம்மா குழியிலதான் வச்சன். ஆழமா வெட்டல. மேலாப்புல, அவங்க நெஞ்சுக்கு நேரா. தனியா வைக்க மனசு வரல பிளசி. அவ்ளோ பெரிய எடத்துல அவ்ளோ சின்னதா. அதான் அம்மாகிட்ட வச்சிட்டன்."

"இத எங்கிட்ட சொல்றதுக்கு என்னங்க?"

"எல்லாரும் சொல்லாதன்னாங்க. அதவிட, பொய் சொல்லி வச்சிருக்கறன். பூசைக்குப் போயிட்டு நன்மை அப்பம் வாங்காம பின்னாடி நிக்கறது அதுக்குத்தான். அந்தப் பேரு வேற. அத எப்படி உங்கிட்ட சொல்றது? நீ என்ன வெட்டிப் போட்டிருப்ப."

"இப்ப மட்டும் வெட்ட மாட்டனா?" என்றேன். மூக்கை முழங்கையில் துடைத்துக்கொண்டேன். "மிச்ச நட்டப் போடுங்க."

மற்ற நட்டுகளை அவரே போட்டு இறுக்கினார். நான் எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போதெல்லாம் ஏதாவது ஒன்று சொல்லித் திட்டினேன். அவர் வாங்கிக்கொண்டே வேலை செய்தார். கீழ் இணைப்பை முடித்துவிட்டு மேலே வந்தபோது அவர் முகம் முழுக்கக் கரியும் கண்ணீரும் அப்பியிருந்தது. துணியை எடுத்து நீட்டினேன்.

வண்டியை ஸ்டார்ட் பண்ணினார். புதுக் குழாயில் ஒட்டியிருந்த எண்ணெய் கருகி ஷெட் முழுக்கப் புகைந்தது. சத்தம் நெஞ்சுக்குள் வந்து இறங்கியது. எங்கேயும் காற்று கசியவில்லை என்று கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு ரவுண்டு ஓட்டி, சூடு ஏத்தி, ஆறவிட்டு மறுபடி எல்லா நட்டயும் முறுக்கணும்" என்றார்.

"கல்லறைக்கு ஓட்டுங்க" என்றேன்.

"இப்பவா?"

"பின்ன எப்ப?"

அவர் கதவைத் திறந்துவிட்டார். நான் ஏறி உட்கார்ந்தேன். இரண்டு பேருக்கு மேல் இடமில்லாத வண்டி அது. சர்வீஸ் ரோட்டில் போகும்போது டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒரு ஆள் கையைக்கூட ஆட்டினான். ஊருக்குள் நுழையும் இடத்திலேயே எஞ்சினை அணைக்கச் சொன்னேன். இந்தக் கூச்சலோடு அங்கே போய் நிற்க எனக்கு மனமில்லை. மிச்சத் தூரத்தை நடந்தோம்.

கல்லறைத் தோட்டத்தின் கேட் சும்மா சாத்தியிருந்தது. இவர் முன்னால் போனார். நாலைந்து வரிசை தாண்டி, சுண்ணாம்பு அடித்த ஒரு சிலுவைக்கு முன்னால் நின்றார். அதில் ரோசம்மாள் என்று என் மாமியாருக்கு எழுதிய பேர் இருந்தது. புதிதாக எதுவும் எழுதவில்லை. மழை பெய்து மண் சமமாகிவிட்டிருந்தது. இங்கே ஒரு பிள்ளை இருக்கிறது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அன்றைக்கு நான் போய் நின்ற பின்பக்கச் சுவர் அங்கிருந்தே தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.

"எந்த எடம்?" என்றேன்.

அவர் குனிந்து உள்ளங்கையை மண்ணில் வைத்துக் காட்டினார். அவர் கையை எடுத்தபிறகு, அந்த இடத்தில் நான் என் கையை வைத்தேன். வெயிலில் மண் வெதுவெதுப்பாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். செபம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், ஒரு வரியும் நினைவுக்கு வரவில்லை. அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். போலாமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுபடியும் கத்தியிருப்பேன்.

சிலுவையைப் பார்த்தேன். உயிரோடு இருந்தவரை அந்த அம்மாவிடம் நான் எதையும் கேட்டதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதுகூட எழுந்து போய் நானேதான் தண்ணீர் மொண்டு குடித்தேன்.

"அத்தே" என்றேன். "அவளுக்கு அழத் தெரியாது. பசிச்சாக்கூட கேக்க மாட்டா. நீங்களாத்தான் பாத்துக் குடுக்கணும்."